வலது காலின் அளவு

மைதானத்தில் ஆடுகிற ஷூ என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள், ஊர் சுற்றுகிற ஷூ என்றுதான் சொல்வார்கள். பெனிட்டாவுக்கு அதுதான் தலைவலியாக இருந்தது. பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் விற்கும் அந்தக் குறுகலான கடையில், கண்ணாடித் தட்டின் மேல் அது ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. பளிச்சென்றும் இல்லாத, அழுக்கென்றும் சொல்ல முடியாத ஒரு வெள்ளை. பக்கவாட்டில் பழுத்த மாம்பழ நிறத்தில் ஒரு கோடு. அடிப்பாகம் மட்டும் காப்பிக் கலர். காலேஜ் பிள்ளைகள் பைக்கில் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காட்டுவார்களே, அந்தக் காலில் இருக்க வேண்டியது. கையில் எடுத்துக் குப்புறத் திருப்பினால்தான் முள் மாதிரி குட்டையான ரப்பர் ஸ்டட்கள் வரிசையாகத் தெரிந்தன, ஆக இது ஃபுட்பால் ஷூதான். யாருக்குத் தோன்றியிருக்கும் இப்படிச் செய்ய என்று யோசித்தாள். எங்கோ ஓர் ஊரில் ஒருவன் மேஜை முன்னால் உட்கார்ந்து, மேலே பார்த்தால் கடைவீதி, கீழே பார்த்தால் மைதானம் என்று வரைந்திருக்கிறான். அவன் ஆடியிருப்பானா, இல்லை ஆடுகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்து மட்டும் இருந்திருப்பானா? நாளைக் காலை ஏழு மணிக்கு செலக்‌ஷன். ஓர் அரசு அலுவலகத்தின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள்; எடுத்தால் அணியோடு நிரந்தர வேலை. அடுத்த மாதம் வந்தால் பெனிட்டாவுக்கு வயது வரம்பு தாண்டிவிடும், ஆகவே இதை விட்டால் வேறு செலக்‌ஷன் கிடையாது, கூரியர் ஆபீசில் பார்சல் பிரித்துக்கொண்டே கிழவியாக வேண்டியதுதான். அந்த கூரியர் ஆபீசில்தான் பல்வலி என்று பொய் சொல்லி அரை நாள் பர்மிஷன் வாங்கியிருந்தாள். நேற்று சாயங்காலம் பயிற்சியில் பழைய ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. ஃபெவிக்விக் போட்டாள், அது ஷூவை விட்டுவிட்டு அவள் விரலைத்தான் பிடித்துக்கொண்டது. இன்னும் கட்டை விரலில் ஒரு தோல் உரிந்தபடி இருந்தது, அதைப் பிய்க்காமல் இருக்க முடியவில்லை.

கடையில் சொல்லித் தர ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம், முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ரெஹானா மட்டும் கல்லாவில் இருந்தாள், முப்பத்தைந்து வயதிருக்கும், மொபைலில் ஏதோ சமையல் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, அவரு வர அரை மணி ஆவும். நீயே எடுத்துப் போட்டுப் பாரு, இன்னா இப்போ?" என்று சொல்லிவிட்டு, சொன்ன மறு நிமிடமே எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள், அவளுக்கும் பொழுது போகவில்லை. "இந்த முள்ளு எதுக்கு? பந்துல குத்திடாதா?" என்று கேட்டாள். பெனிட்டாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அவளே அப்படிப்பட்டவள்தான், எதையாவது கேட்டுக் குடைந்துகொண்டே இருப்பாள், வீட்டில் அவளுக்குக் கேள்வித்தாள் என்று பெயர். "குத்தாதுக்கா, மண்ணைப் புடிச்சிக்கத்தான். வழுக்கக் கூடாதுல்ல" என்றாள். சொல்லும்போதே, மண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் போனால் என்ன ஆகும் என்பது அவளுடைய வலது முழங்காலுக்கு ஞாபகம் வந்து, உள்ளே எதுவோ சிலிர்த்துக்கொண்டது. அதை இப்போது நினைக்க வேண்டாம். வெள்ளையைப் பார். வெள்ளை நல்லாத்தான் இருக்கிறது, அங்கேதான் சந்தேகம். நல்லா இருக்கிற பொருள் வேலை செய்யாது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை, ஆனால் வியாசர்பாடியில் மண் மைதானத்தில் ஆடிய எல்லாருக்கும் அது தெரியும். மூன்று வருஷம் முன்னால் கிளப்புக்கு மெர்லின் என்று ஒருத்தி ரோஸ் கலர் ஷூவில் வந்தாள். வந்த அன்றே அவளுக்கு ஃபேஷன் ஷோ என்று பெயர் வைத்தாகிவிட்டது. அவளுக்குப் பந்து போனால் "பாத்து மெர்லினு, நெயில் பாலிஷ் போயிடும்" என்று சத்தம் வரும். பாவம், நன்றாகத்தான் ஆடினாள். ஆறு மாதத்தில் கறுப்பு ஷூவுக்கு மாறினாள், கேலியும் நின்றது. ஆட்டம் மாறியதா? பெனிட்டா யோசித்துப் பார்த்தாள். மாறவில்லை, அதே ஆட்டம்தான். அப்படியென்றால் இத்தனை பேர் எதைப் பார்த்து அவளை மட்டம் என்று நினைத்தார்கள்? சத்தம் போட்டவர்களில் தானும் ஒருத்தி என்பது அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கப் போகிறவர்களும் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். வெள்ளையைப் பார்த்ததும் ஒருத்தர் இன்னொருத்தர் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லுவார். அது என்னவாக இருக்கும்? 'அலட்டல் கேஸ்' என்றா, இல்லை 'அட, யாரிது' என்றா? ரெண்டுக்கும் ஒரே ஷூதானே. பந்துக்குக் கண் கிடையாது, மண்ணுக்கும் கிடையாது. காலுக்கு மட்டும் உண்டோ என்னவோ, பிடித்ததைப் போட்டால் கால் கொஞ்சம் துள்ளத்தான் செய்கிறது. தீபாவளிச் சட்டை போட்ட அன்று எந்தப் பிள்ளை நடந்து போயிருக்கிறது?

சரி, நியாயமாகப் பார்க்கலாம் என்று கறுப்பை எடுத்தாள். அது கறாரான கறுப்பு, ஒரு கோடு கிடையாது, பூ கிடையாது, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்ச் மாதிரி உழைக்க மட்டுமே பிறந்தது. அடியில் நீளமான ஸ்டட்கள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நாலாவதில் விரல் நின்றுவிட்டது. வெளிப்பக்கம், குதிகாலுக்கு முன்னால் இருப்பது. இதே இடத்தில் இருந்ததுதான். பதினாலு மாதம் ஆகிறது. மே மாத மைதானம், மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. இடது பக்கம் பந்து வந்தது, வலது காலை ஊன்றி இடது காலால் அடிக்கத் திரும்பினாள். உடம்பு திரும்பியது, வலது கால் திரும்பவில்லை. ஸ்டட் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. 'டப்' என்று ஒரு சத்தம், வெளியில் யாருக்கும் கேட்டிருக்காது, அவளுக்கு வயிற்றுக்குள் கேட்டது. வலி வருவதற்கு முன்னால் ஒரு நொடி இருந்தது, அந்த நொடியில் அவள் நினைத்தது, அட, பந்து போய்விட்டதே என்று. எவ்வளவு விசித்திரம். அப்புறம் ஆபரேஷன், ஊன்றுகோல், மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிய மாதங்கள். இப்போது முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், முழங்காலும் அதையேதான் சொல்கிறது, நம்பாதவள் பெனிட்டா மட்டும். நாளைக்கு ஆட வேண்டிய மைதானமும் மண்தான், புல் கிடையாது, முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கே குட்டை ஸ்டட்தான் சரி, அது எந்த வெடிப்பிலும் மாட்டாது. குட்டை ஸ்டட் எதில் இருக்கிறது? வெள்ளையில். அழகானதுதான் காலுக்கும் பத்திரம். அப்படியிருந்தும் கை கறுப்பை விட மாட்டேன் என்கிறதே, இது என்ன மாதிரியான மண்டை? கறுப்பைப் போட்டு விழுந்தால் பாவம் என்பார்கள், வெள்ளையைப் போட்டு விழுந்தால் வேணும் இவளுக்கு என்பார்கள். ஆக, எந்த ஷூவில் விழுந்தால் மரியாதை என்றுதான் இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விழாமல் இருப்பதைப் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சிரிக்கிற?" என்றாள் ரெஹானா. "ஒண்ணுமில்லக்கா. வெள்ளையில அஞ்சு குடுங்க" என்றாள்.

ரெஹானா அட்டைப் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கி, திரும்ப நேராக அடுக்கி, கடைசியில் அஞ்சைக் கண்டுபிடித்தாள். பெனிட்டா ஸ்டூலில் உட்கார்ந்து இடது காலில் போட்டாள். லேஸ் இழுத்தாள். கால் உள்ளே போய் ஒழுங்காக உட்கார்ந்தது, விரல்களுக்கு முன்னால் ஒரு நெல் அளவு இடம், குதிகாலில் அசைவில்லை. எழுந்து, கடை மூலையில் விரித்திருந்த செயற்கைப் புல் துண்டின் மேல் நின்று, இல்லாத பந்தை ஒரு தட்டுத் தட்டினாள். லேசாக இருந்தது. எதையும் மாட்டிக்கொண்ட மாதிரியே இல்லை. "சரிக்கா, இதையே கட்டிடுங்க." "அந்தக் காலு?" என்றாள் ரெஹானா. "எந்தக் காலு?" "இன்னொண்ணு இருக்கேம்மா உனக்கு. அதுக்குப் போட வேணாவா?" பெனிட்டா தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். ரப்பர் செருப்போடு அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. இருபத்தாறு வயது வரைக்கும் ஒரு கடையிலும் அந்தக் காலில் எதையும் போட்டுப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்த பழக்கம் அது. அவளும் சுகுணாவும் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைச் சந்தையில் பழைய ஷூ குவியலைக் கிளறி ஒரே ஒரு ஜோடி வாங்கினார்கள், ரெண்டு பேருக்கும் சேர்த்து. பெனிட்டா இடது காலால் அடிப்பவள், சுகுணா வலது காலால் அடிப்பவள், ஆகவே இடது ஷூ இவளுக்கு, வலது ஷூ அவளுக்கு. மற்றக் காலில் ஸ்கூல் கேன்வாஸ். அவர்கள் பக்கம் அப்போது அது ஒன்றும் அதிசயம் இல்லை, நாலைந்து ஜோடிப் பேர் அப்படித்தான் ஆடினார்கள். ஒரு கால் உயரமும் ஒரு கால் தாழ்வுமாக ஓடுவதைப் பார்த்து வெளியூர் அணிகள் விழுந்து விழுந்து சிரிக்கும், ஆட்டம் முடியும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. அந்தக் குவியலின் முன்னால் பெனிட்டா இடது காலை விட்டுப் பார்த்து "எனக்கு சோக்கா இருக்குடி" என்று கத்தியதும், சுகுணா வலது காலை விட்டு "எனக்கும்" என்றதும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. அப்புறம் மாவட்ட அணி, கிளப், எல்லாரும் ஷூ கொடுத்தார்கள், அளவு என்ன என்று கேட்டார்கள், அஞ்சு என்று சொன்னாள். இடது கால் சொன்ன அளவு. வலது காலை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

வலது கால் உள்ளே போகவில்லை. முன்பாதம் போனது, குதிகால் வெளியே நின்றது. ரெஹானா ஒரு கரண்டிக் காம்பைக் கொண்டுவந்து நெம்பினாள், அப்போது போனது, விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "கடிக்குதா?" "எப்பவும் இப்டித்தான்க்கா இருக்கும். ஷூன்னா கடிக்கும்ல?" என்று பெனிட்டா சொன்னாள். ரெஹானா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "ஷூ எதுக்கும்மா கடிக்கணும்? அது இன்னா நாயா?" ஒரு காலில் கடிக்கவில்லையே, மறு காலில் மட்டும் ஏன் கடிக்க வேண்டும் என்று பத்து வருஷமாகக் கேட்டுக்கொள்ளாத கேள்வித்தாள் குனிந்து வலது ஷூவின் நுனியை அழுத்திப் பார்த்தாள். வலது கட்டை விரல் நகம் வருஷத்துக்கு ரெண்டு தடவை கறுத்து விழும், திரும்ப முளைக்கும். வலது கால் எனக்கு மந்தம், அது நிக்கறதுக்கு மட்டும்தான் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள், கோச்சுகளும் அதையே எழுதிவைத்தார்கள். மந்தமா, நசுங்கிக் கிடந்ததா? அன்று மைதானத்தில் அது திரும்பாமல் நின்றதற்கு ஸ்டட் மட்டும்தான் காரணமா? இதற்கு இனி பதில் கிடைக்காது, ஆனாலும் கேள்வி விடுவதாக இல்லை. ரெஹானா ஆறாம் நம்பரை எடுத்து வந்தாள். வலது கால் அதில் போய் உட்கார்ந்தது. விரல்கள் ஐந்தும் விரிந்தன, ஒவ்வொன்றும் தனித்தனியாக இருப்பது தெரிந்தது, கூச்சமாகக்கூட இருந்தது. ஆனால் இடது கால் ஆறில் லொடலொடவென்று ஆடியது. அஞ்சு வாங்கினால் வலது கடிக்கும், ஆறு வாங்கினால் இடது ஆடும், அடிக்கிற கால் இடதுதான். "ரெண்டு பொட்டியிலேருந்தும் ஒண்ணொண்ணு எடுத்துக் குடுத்துடவா?" என்றாள் ரெஹானா, சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், "வேணாம், அவரு வந்தாருன்னா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு. மிச்சத்தை யாரு போடுவா?" மிச்சத்தை யார் போடுவார்கள்? பெனிட்டாவுக்குப் பளிச்சென்று ஒரு கணக்கு ஓடியது. வலது கால் வளர்கிற வயதில் கேன்வாஸில் தாராளமாக இருந்து பெருத்துவிட்டது, இடது கால் ஷூவுக்குள் அடங்கிச் சின்னதாகவே நின்றுவிட்டது. அப்படியென்றால் சுகுணாவுக்கு நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? வலது சின்னது, இடது பெரியது! இந்த யோசனையின் அழகில் மயங்கி, தான் எதற்குக் கடைக்கு வந்தோம் என்பதையே மறந்து போனை எடுத்தாள்.

சுகுணா ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள், ரெண்டு பிள்ளைகள், பந்தைத் தொட்டுப் பத்து வருஷம் ஆகிறது. "சொல்லுடி, இன்னா இந்த நேரத்துல?" "உன் காலு ரெண்டும் இன்னா சைஸு?" "ஏன், செருப்பால அடிக்கப் போறியா யாரையாவது?" பெனிட்டா விஷயத்தைச் சொன்னாள், கேன்வாஸில் வளர்ந்த கால், ஷூவில் அடங்கிய கால் என்று தன் கண்டுபிடிப்பையும் சேர்த்து. அந்தப் பக்கம் சுகுணா கடகடவென்று சிரித்தாள். "போடி லூசு. ரெண்டு வருஷம் ஷூ போட்டா காலு நின்னுடுமா? எனக்கு ரெண்டும் நாலு. எப்பவும் நாலுதான்." "நாலா? நம்ப ஷூ அஞ்சாச்சே?" "ஆமா, அஞ்சு. உனக்கு அஞ்சு. எனக்கு லூசுதான், பேப்பர் சுருட்டி வச்சிக்குவேன் முன்னால." "நீ சொல்லவேயில்லையே?" "எங்க சொல்றது? அதுல கால விட்டதும் நீ ஒரு குதி குதிச்ச பாரு. உன் மூஞ்சியப் பாத்தேன், எனக்கும் சரியா இருக்குன்னுட்டேன். விடு, அது ஒரு காலம். தோ கஸ்டமர் வந்துட்டாரு. இந்த வாட்டியாவது வலது காலுக்குப் பாத்து வாங்கு, புரியுதா? காலையில நல்லா ஆடு." வைத்துவிட்டாள். பெனிட்டா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்த ஷூவோடு போன மாவட்ட செலக்‌ஷனில் சுகுணா வலது காலால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து பக்கத்தில் உருண்டது, ஷூ கழன்று கோல் போஸ்ட்டுக்கு மேல் பறந்தது. மைதானமே சிரித்தது. பெனிட்டாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஷூ விழுந்த இடத்திலிருந்து ஒரு கசங்கிய பேப்பர் உருண்டை வெளியே உருண்டு வந்து நின்றதை அவள் பார்த்தாள். பார்த்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. குப்பை என்று நினைத்தாள். சுகுணா நொண்டிக்கொண்டே போய் ஷூவை எடுத்தாள், பேப்பரையும் எடுத்தாள், குப்பையை எதற்கு எடுக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது, கேட்கவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் கேட்கிறவள் அதை மட்டும் கேட்கவில்லை. அன்று பட்டியலில் பெனிட்டாவின் பெயர் வந்தது, சுகுணாவின் பெயர் வரவில்லை. சுகுணாவை விட நான் ஒரு படி மேலே என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள், வாய்விட்டுச் சொன்னதில்லை, நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். வெட்கமாக இருந்தது. ஒரு நம்பர் பெரிய ஷூவில் பேப்பரை வைத்துக்கொண்டு ரெண்டு வருஷம் ஆடி, அதே ஷூவால் பதினோரு கோல் போட்டவள் சுகுணா. அளவான ஷூவில் பெனிட்டா போட்டது ஏழு.

"இன்னாம்மா, அழுவுறியா இன்னா?" என்று கேட்டாள் ரெஹானா. "இல்லக்கா, தூசி" என்றாள். கடையில் தூசி இல்லை, ரெஹானா அதற்குச் சண்டை பிடிக்கவும் இல்லை. பெட்டிக்குள் ஷூவின் வடிவத்துக்காகத் திணித்திருந்த மெல்லிய காகிதம் தரையில் கிடந்தது. பெனிட்டா அதை எடுத்தாள். சுகுணா எப்படிச் சுருட்டியிருப்பாள்? உருண்டையாகவா, பட்டையாகவா? உருண்டையாக வைத்துப் பார்த்தாள், விரலை இடித்தது. பிரித்து, மடித்து, பிறை மாதிரி வளைத்து ஆறாம் நம்பர் இடது ஷூவின் முன்பக்கம் வைத்தாள், அது கொஞ்சம் அடங்கியது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும், எத்தனை ஆட்டம் இடித்திருக்கும். இடது காலை விட்டு லேஸை இறுக்கிக் கட்டினாள், வலதையும் கட்டினாள். எழுந்து நின்றபோது ரெண்டு கால்களும் வெள்ளையாக, மாம்பழக் கோட்டோடு, ஒரே உயரத்தில் இருந்தன. புல் துண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நாலு எட்டு, திரும்பினாள், மறுபடி நாலு எட்டு. வலது கால் திரும்பும்போது தரை அதை விட்டுக்கொடுத்தது, முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. இடது காலுக்குள் காகிதம் ஒவ்வோர் எட்டுக்கும் கரகரத்தது. நாளைக்கு உள்ளே மெத்தென்று இன்சோல் ஒன்று போட்டு, தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டால் இது வேண்டியிருக்காது. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் அதோடு ஓடிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இன்னும் வேகமாகத் திரும்பினாள். அடிக்கிற மாதிரி இடது காலைப் பின்னால் இழுத்தாள், ஷூ கழன்று பறந்துவிடுமோ என்று விரல்கள் தாமாக மடங்கிக் காகிதத்தைக் கவ்விக்கொண்டன. ஓ, இப்படித்தானா. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சுகுணா இதையும் செய்துவிட்டு அடித்திருக்கிறாள்.

"இடது லூசா இருக்குதுல்ல? சின்னதைக் கட்டவா?" என்று ரெஹானா அஞ்சாம் நம்பர் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"லூசுதான்க்கா. ஆறையே கட்டுங்க" என்றாள் பெனிட்டா, மூச்சு வாங்கியபடி. "இதுல ஆடலாம். ஆடியிருக்கா ஒருத்தி."